இருநூறு கை

ஜெரோம் கொடுத்த ஸ்கேட்டிங் ஷூ எனக்கு இரண்டு விரற்கடை பெரிது. திரைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த பஞ்சை எடுத்து இரண்டு ஷூவின் முனையிலும் திணித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் கிடந்தவளின் பையில் சீப்பு இல்லாமல் இருக்கலாம், பஞ்சு இல்லாமல் இருக்காது. ஜெரோம் கொசவபட்டிப் பையன். சர்க்கஸில் ஏணி ஏறுகிறவன், இருபத்தாறு வயதிருக்கும். இன்னும் கால் மணி நேரத்தில் ரிங்கில் என்னை எதிர்த்து இறங்கப்போகிறவனும் அவன்தான். தன் கூட்டாளிப் பெண்ணின் ஷூவை அவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஷூ வார நல்லா இறுக்கிக் கட்டுங்கக்கா. விழுந்தீங்கன்னா எங்க சர்க்கஸ் பேருதான் கெடும்" என்றான். "நான் விழுந்தா என் பேரு மட்டுந்தான் கெடும். நீ போய் ஒன் ஏணியப் பாரு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

கூட்டம் குறைந்துபோன சர்க்கஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சிக்கென்று புதிதாகக் கண்டுபிடித்த ஐட்டம் இது. பெயர் திடீர் சர்க்கஸ். திண்டுக்கல் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்திருந்தார்கள். ஒரு மண்பானைக்குள் சீட்டுகள் கிடக்கும். சில சீட்டில் ஒரு பொருளின் பெயர், சில சீட்டில் ஒரு நிபந்தனை. சர்க்கஸ் ஆள் ஒருவர், ஊர் ஆள் ஒருவர். சீட்டைப் பிரித்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது. மூன்று நிமிஷம், அந்தப் பொருளை வைத்து, அந்த நிபந்தனைப்படி வித்தை காட்ட வேண்டும். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவர் ஜெயித்தவர். கைதட்டலை அளப்பவர் மேனேஜர் அப்துல் ஹக்கீம். சிவப்புக் கோட்டும் வெள்ளைத் தாடியுமாக ரிங்கின் நடுவில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பார். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் முன்வரிசை நாற்காலிக்காரர்களின் கைதான் பெரிதாகத் தெரியும், பின்னால் பலகை வரிசையில் இருப்பவன் கை தெரியாது, காதுக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை என்று மைக்கில் விளக்கம் வேறு சொன்னார். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது. எங்கள் மில்லிலும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் உண்டு. நியாயத்துக்காக மூடுகிறவர் யாரும் இல்லை.

எங்கள் மில் வேடசந்தூர்ப் பக்கம். ஒரு மிஷினின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எழுபது எட்டு நடக்க வேண்டும். நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரத்துச் சொச்சம் சுழன்றுகொண்டே இருக்கும். எதில் நூல் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். எங்கள் கால் ஓய்ந்துபோகிறது என்று இரக்கப்பட்டோ, கால் ஓய்ந்தால் உற்பத்தி குறைகிறது என்று கவலைப்பட்டோ, ஆறு வருடத்துக்கு முன்னால் முப்பது பேருக்குச் சக்கரம் வைத்த ஷூ கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒரு மாதம் மிஷினைப் பிடித்துக்கொண்டு தத்தளித்தார்கள். நான் மூன்றாம் நாளே பின்பக்கமாகப் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அறிவுச்செல்விக்கு ஊரில் வேறென்ன பெருமை வைத்திருக்கிறார்கள்? இரண்டு மிஷினுக்கு நடுவே அந்தச் சந்துக்குள் சக்கரத்தில் போகும்போது மட்டும் எனக்கு யாரும் தேவையில்லை என்று இருக்கும். பஞ்சுத் தூசியும் புழுக்கமும் இரைச்சலும் ஒன்றும் செய்யாது.

இரைச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் சாடைப் பேச்சு உண்டு. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் நூல் அறுந்திருக்கிறது. கட்டை விரலோடு ஆள்காட்டி விரலைத் தேய்த்தால் எண்ணெய். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஐந்து விரலையும் விரித்தால், 'பார்த்துட்டேன்.' ஆட்களுக்கும் சாடை உண்டு. முத்துப்பேச்சிக்கு மூக்குத்தியைத் தொடுவது. சூப்பர்வைசர் பாண்டியராஜுக்கு, இரண்டு கையாலும் இடுப்பில் பேண்ட்டைத் தூக்கி விடுவது. பெல்ட் போட்டிருந்தும் நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் அப்படிச் செய்வார். 'ஆள் வருது' என்று சொல்ல வேண்டுமானால் நாங்கள் எல்லோரும் அப்படிச் செய்வோம். அது தன்னைத்தான் என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நம்பர் மிஷினின் முனையில் எண்ணெய் கசிகிறது என்று அவரிடம் மூன்று தரம் சொன்னேன். மிஷினை நிறுத்தினால் உற்பத்தி போய்விடும், கழிவுப் பஞ்சைப் போட்டு மூடு என்றார். நான் மாட்டேன் என்று என் மிஷினுக்குப் போய்விட்டேன். வேறொருத்தியை வைத்து மூடினார். அடுத்த அரை மணி நேரத்தில் முத்துப்பேச்சி சக்கரத்தோடு வந்து அந்தப் பஞ்சின் மேல் ஏறி, கணுக்கால் எலும்பு இரண்டாக முறிந்தது. நான் அப்போது நாலு மிஷின் தள்ளி இருந்தேன். சாயங்காலம் நோட்டீஸ் வந்தது. அறிவுச்செல்வி வித்தை காட்டிக்கொண்டு வந்து இடித்துவிட்டாளாம். முத்துப்பேச்சியே அப்படி எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவை மில் பார்த்துக்கொள்ளும், கால் சரியானதும் பேக்கிங்கில் உட்கார்ந்த வேலை தரும். அவள் நிலைமை எனக்குப் புரிந்தது. புரிந்தும் வயிறு எரிந்தது. எனக்குச் சித்தி மகள் மாதிரி ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவள்.

என் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதமாகக் கழிவுப் பஞ்சு கூட்டுகிறேன். மில் ஆண்டு விழாவுக்கு எல்லோரையும் சர்க்கஸ் கூட்டிப்போகிறோம் என்று ஷிப்ட் மாறும் நேரத்தில் பாண்டியராஜ் அறிவித்தபோது, நான் அத்தனை பேர் முன்னாலும் என் சக்கரம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டேன். அவர் பேண்ட்டைத் தூக்கி விட்டுக்கொண்டு சொன்னார்: "இது மில்லா, கூடாரமா? வித்தை காட்டணும்னா அங்க போய்க் காட்டு. போட்டி கீட்டி வைக்கிறாய்ங்களாம்ல. ஜெயிச்சிட்டு வா, ஒன் கால்ல நானே மாட்டி விடுறேன்." சிலர் சிரித்தார்கள். "நாளன்னைக்கு மாத்திப் பேசக் கூடாது சார்" என்றேன். அவ்வளவுதான். வீட்டில் என் புருஷன் ராமர், லோடு வண்டி ஓட்டுகிறவர், ஒனக்கு எதுக்கு இந்த வம்பு, தோத்தா மானம் கப்பலேறிப்போகும் என்றார். ஏற்கெனவே ஏறிப்போனது இறங்கி வரட்டும் என்று நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

திரை விலகியதும் வெளிச்சம் கண்ணில் குத்தியது. கூடாரத்தின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் ஆட்கள்தான். நாலு பஸ்ஸில் வந்த இருநூறு பெண்கள், மல்லிகைப்பூவும் நல்ல உடுப்புமாக. மறுபக்கம் ஊர்ச் சனம், பாப்கார்னும் பிள்ளைகளும். முன்வரிசை நாற்காலியில் பாண்டியராஜ், வெள்ளைச் சட்டையில். அவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி. அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

மில்லிலிருந்து வந்த பெரிய மனிதர் சீட்டெடுக்கட்டும் என்று ஹக்கீம் பாண்டியராஜையே கூப்பிட்டார். முதலில் ஜெரோமுக்கு. ஏணி. தூக்கக் கலக்கம். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடியது. எதிலும் சாய்க்காத ஏணியை ரிங்கின் நடுவில் நிறுத்தி, கொட்டாவி விட்டுக்கொண்டே ஏறினான். ஏணி முன்னே சாய்ந்தால் இவன் பின்னே சாய்ந்தான். ஆறாவது படியில் தலைக்குக் கையை அணை வைத்துக் குறட்டை விட்டான். மேல் படியில் தலையணையைத் தட்டிப் போடுவது போலச் செய்து, அப்படியே ஏணியோடு சரிந்து வந்து, தரை தொடும் நேரத்தில் உருண்டு எழுந்து, யார் எழுப்பியது என்று கோபமாகப் பார்த்தான். கூடாரம் கிழிந்துவிடும் போல இருந்தது. எங்கள் பெண்கள்கூட உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். நானும் தட்டினேன், என்ன செய்வது, அவன் அப்படிச் செய்தான்.

பிறகு எனக்கு. முதல் சீட்டு, குடம். இரண்டாவது சீட்டைப் பிரித்ததும் பாண்டியராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மைக்கை வாங்கி அவரே படித்தார். "வாய் பேசக் கூடாது." பிறகு என் பக்கம் குனிந்து, மைக் இல்லாமல், "ஆண்டவன் இருக்கான் அறிவு" என்றார்.

ஒரு பையன் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குடத்தில் முக்கால்வாசித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மணி அடித்தது. குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பலகைத் தளத்தில் ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளிக் கிளம்பினேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. ஆறு வருடமாக நேர் சந்தில் ஓடிப் பழகிய கால். சந்து முடிகிற இடத்தில் மிஷின் முனைக் கம்பியை இடது கையால் பிடித்து நின்றுதான் எங்களுக்குப் பழக்கம். நானும் விளிம்பு வந்ததும் இடது கையை நீட்டினேன். பிடிக்கக் கம்பி இல்லை. பலகையை விட்டு மரத்தூளில் போய்க் குப்புற விழுந்தேன். குடம் உருண்டு கால்வாசி கொட்டியது. கூடாரம் மொத்தமும் சிரித்தது. விசில் பறந்தது. இதுவும் வித்தையில் சேர்த்திதான் என்று நினைத்துவிட்டார்கள் போல. எங்கள் பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குத்தான் அந்த இடது கை எதைத் தேடியது என்று தெரியும்.

வாயெல்லாம் மரத்தூளோடு எழுந்து உட்கார்ந்தேன். சந்தில் திடீரென்று நின்றுவிட்டால் ஏன் நின்றோம் என்று மற்றவர்களுக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தில் என் கை தானாக உயர்ந்து, இரண்டு விரலை வெட்டிக் காட்டியது. நூல் அறுந்துருச்சு. மேல் பலகையிலிருந்து யாரோ ஒருத்தி பட்டென்று பதில் காட்டினாள். விரலைக் குவித்து, அழுத்தி, விட்டாள். ஒட்டு.

வாய் பேசக் கூடாதாமே. நாங்கள் எப்போது வாயால் பேசினோம்?

ஜெரோம் விட்டுப்போன ஏணி ரிங் ஓரத்தில் கிடந்தது. அதை இழுத்துப் பலகையின் குறுக்கே படுக்கப் போட்டேன். அதுதான் மிஷின். இப்போது எனக்கு ஒரு நேர் சந்து கிடைத்துவிட்டது. குடத்தைத் தலையில் ஏற்றினேன். எட்டு வயதிலிருந்து தலையில் குடம் சுமந்தவளுக்கு அது ஒரு பாரமா? ஏணியின் ஓரமாகப் பின்பக்கமாகக் கிளம்பினேன். ஏணிப் படி ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க, இரண்டு கையும் இல்லாத நூலைப் பிடித்து ஒட்டிக்கொண்டே போனது. முனையில் இடது கால் சுழற்றித் திரும்பினேன், மறுபடி வந்தேன், வேகம் கூடியது. குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. ஊர்ச் சனம் ஓவென்று கத்தியது. போதும், இப்படியே மூன்று நிமிஷத்தை ஓட்டினால் ஜெயித்துவிடலாம் என்று மனம் சொன்னது. சக்கரம் திரும்பி வந்துவிடும். ஆனால் நான் இடித்தவளாகவே அந்தச் சக்கரத்தில் ஏற வேண்டும். அது எனக்கு வேண்டாம்.

நடுவில் நின்றேன். இரண்டு கையாலும் இடுப்பில் இல்லாத பேண்ட்டைத் தூக்கி விட்டேன். பிறகு எங்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பில் கூடாரத்துக் கம்பம் ஆடியது. எதற்கென்று தெரியாமலே ஊர்ச் சனமும் சேர்ந்து சிரித்தது. பாண்டியராஜும் சிரித்தார், பாவம். மூன்று விரலைக் காட்டினேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தேன். மூன்றாம் நம்பர், எண்ணெய். குடத்தைத் தலையிலிருந்து இறக்கிச் சாய்த்துப் பலகையில் தண்ணீரை ஊற்றினேன். சிரிப்பு குறைந்தது. போய்ச் சாடையில் சொன்னேன், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஒவ்வொரு தரமும் பேண்ட்டைத் தூக்கிவிட்டு, மூடு என்று கையால் காட்டினேன். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, ஏணியின் மறுமுனைக்குப் போய் நின்று, நெஞ்சைத் தொட்டு, நான் இங்கே என்று தரையைக் காட்டினேன். திரும்பி வந்து என் துப்பட்டாவை உருவி ஈரத்தின் மேல் போட்டு மூடினேன். எங்கள் பக்கம் சுத்தமாகச் சத்தம் அடங்கிவிட்டது. பாண்டியராஜ் இப்போது சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகமே சொன்னது.

மூக்கைத் தொட்டேன். இப்போது நான் முத்துப்பேச்சி. ரிங்கின் கோடியிலிருந்து அவள் வருவது போலவே, கொஞ்சம் பயந்த மாதிரி, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து துப்பட்டாவின் மேல் ஏறினேன். பொய்யாக விழுந்திருக்கலாம். விழவில்லை. நிஜமாகவே வழுக்கி, இடுப்பு பலகையில் மோதியது. வலியில் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. படுத்தபடியே தலையைத் திருப்பி இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். ஒன்றரை மாதத்தில் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தேன். என் கண்ணைத் தொட்டு, அவளை நோக்கி விரலை நீட்டினேன். பார்த்தியா?

அவள் அசையவில்லை. பாண்டியராஜ் நாற்காலியில் முழுசாகத் திரும்பி அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். அவள் கண் அவரிடம் போனது, மடியில் கிடந்த ஊன்றுகோலுக்குப் போனது. பேக்கிங் வேலை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கையெழுத்துப் போட்ட தாள் எல்லாம் அவள் நெஞ்சில் ஓடியிருக்கும். நான் கேட்டது தப்போ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஒரு நொண்டிக் காலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மூன்று நிமிஷம் முடிந்து மணி அடித்தது.

ஹக்கீம் நடுவில் வந்து நின்றார். "மில் தங்கச்சிக்கு எவ்வளவு கைதட்டல்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஊர்ச் சனம் தட்டத் தொடங்கியது. அப்போது முத்துப்பேச்சி ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றினாள். பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து எழுந்தாள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஐந்து விரலையும் விரித்தாள். பார்த்துட்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு கை எழுந்தது. அன்றைக்குப் பஞ்சைப் போட்டு மூட வைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் கை. பிறகு பத்து, ஐம்பது, மேல் பலகை வரைக்கும். இருநூறு பேர், ஒரு சத்தம் இல்லாமல், கையைத் தூக்கி விரலை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருத்தியும் கை தட்டவில்லை. ஜெரோமுக்கு அப்படித் தட்டினவர்கள்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, கைதட்டினால்தான் நான் ஜெயிப்பேன் என்பதே மறந்துபோனது. ஹக்கீமின் காதுக்கு ஊர்ச் சனத்தின் பாதிக் கைதட்டல்தான் எட்டியிருக்கும். அதுவும் இந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்து மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தது. எனக்கு நேரம் இருந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து, தட்டுங்கடி என்று ஒரு சாடை காட்டினால் போதும், கூடாரம் அதிர்ந்திருக்கும். ஆனால் தட்ட வேண்டுமானால் முத்துப்பேச்சி அந்தக் கையைக் கீழே இறக்க வேண்டும். நான் என் கையை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஹக்கீம் கண்ணைத் திறந்து, ஜெரோமின் கையைப் பிடித்து உயர்த்தி, அவன் ஜெயித்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கம் பார்த்தார். மைக் அவர் வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் அப்படியே நின்றது. சர்க்கஸ் வாத்தியக்காரர்களும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஜெரோம் என் பக்கத்தில் வந்து குந்தினான். "என்னக்கா இது, யாருமே தட்ட மாட்டேங்கிறாக? சரி, ஷூவக் கழட்டுங்க, அடுத்த ஐட்டத்துக்கு அந்தப் புள்ளைக்கு வேணும்" என்றான்.

"செத்த நேரம் இரு தம்பி" என்றேன். "இன்னும் கை எறங்கல."

பாண்டியராஜ் எழுந்தார். போய்விடலாம் என்றுதான் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும், என்றைக்கும் போல, அவருடைய இரண்டு கையும் இடுப்புப் பக்கம் போயின. பேண்ட்டைத் தொடும் முன்னால் அப்படியே நின்றன. இருநூறு விரிந்த கைகளுக்கு எதிரே, முகத்தில் ஈயாடாமல், தன் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார். பேண்ட் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.